இரண்டே முக்காலுக்குப் பிறகு

நான் சொன்ன பொய் ஒரே ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் எழுதினேன். இணையத்தில் இன்னும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். "எங்கள் வட்டாரத்தில் இதைப் பழைய கம்பைலரில் ஓட்டுகிறவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை." ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாத வாக்கியம். இதை எழுதியபோது என் கைப்பேசியில் அப்படி ஓட்டுகிற ஒருவருடைய எண் இருந்தது. முந்தின வாரம்தான் அவரோடு பேசியிருந்தேன்.

நான் குடியாத்தத்துக்காரன். லுங்கி நெய்கிற வீடு. தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியதால், மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும். டிப்ளமோ முடித்ததும் ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். தோல் அளக்கும் இயந்திரங்களுக்கு மின்னணுப் பெட்டி பொருத்தித் தருகிற பட்டறை அது. வேலை பிடித்திருந்தது, வாசனைதான் பிடிக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தால் எனக்குக் காது சிவந்துவிடும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சட்டையைக் கழற்றிக் கொல்லைப்புற வாளியில் முக்கிவிடுவேன். யாராவது எங்கே வேலை என்று கேட்டால் "எலக்ட்ரானிக்ஸ்" என்பேன். தோல் என்ற சொல் என் வாயில் வராது. இந்த வெட்கம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பின்னால் நான் செய்ததில் அதற்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஆனால் தோலுக்கு நேரான ஓரம் என்று ஒன்று கிடையாது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், கால் நாலும் நாலு திசையில் போகும், வயிற்றுப் பக்கம் அலை அலையாக நெளியும். அளவுகோல் வைத்து அளக்க முடியாது. அதனால் இயந்திரத்தின் பட்டையில் தோலை விரித்து அனுப்புவார்கள். மேலே வரிசையாக விளக்கு, கீழே வரிசையாக வெளிச்சத்தை உணர்கிற கண். எத்தனை கண்ணைத் தோல் மறைத்தது என்று நொடிக்கு நொடி எண்ணிக் கூட்டினால் பரப்பளவு வந்துவிடும். அந்த எண்ணை அளப்பவர் தோலின் பின்பக்கத்தில் முத்திரையாகக் குத்துவார். அடியைப் பெரிதாகவும், அதன் தலைமாட்டில் கால் கணக்கைக் குட்டியாகவும் போடுவது வழக்கம். பதினெட்டின் தலைமாட்டில் குட்டியாக ஒன்று இருந்தால் பதினெட்டே கால். இரண்டு இருந்தால் பதினெட்டரை. மூன்று இருந்தால் பதினெட்டே முக்கால். குட்டி நான்கு என்று ஒன்று வரவே வராது. நாலு கால் சேர்ந்தால் அடுத்த அடி, அவ்வளவுதான். இதை மறந்துவிட வேண்டாம்.

பெட்டியோடு வந்த வெளிநாட்டு மென்பொருள் சரியாக எண்ணவில்லை. தோலில் ஓட்டை இருந்தால் ஓட்டையையும் தோலாகவே கணக்குப் போட்டது. பட்டறைக்காரர் என்னையே ஒன்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதை இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "போட்டுக்கோ, யாரு எடுக்கப் போறாங்க" என்றார். எடுத்தார்கள். ஜெர்மனியில் ஒரு பெண் கல் பலகை அளக்க எடுத்தார். பிரேசிலில் ஒருவர் எங்களைப் போலவே தோல் அளக்க எடுத்தார். எடுத்தவர்கள் பிழை திருத்தினார்கள், புதிது சேர்த்தார்கள், கடைசியில் நாங்கள் மூன்று பேரும் அதன் பொறுப்பாளர்கள் ஆனோம். அதற்குள் நான் பட்டறையை விட்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, காட்பாடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்திருந்தேன். சட்டையில் வாசனை போய்விட்டது. மாதம் ஒரு சாயங்காலம் நாங்கள் மூவரும் திரையில் சந்திப்போம். எனக்கு அது ஒரு பெருமை. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை அதுதான்.

இனி அண்ணனைப் பற்றி. சொந்த அண்ணன் இல்லை. மேல்விஷாரத்தில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் அளவு இயந்திரத்தில் நின்றவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊர் ஆற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். இளம் வயதிலிருந்து டிரம்மில் வேலை பார்த்தவர். டிரம் என்றால் அறை அளவு மரப்பீப்பாய். தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுச் சுற்றவிட்டு, கதவைத் திறந்து ஈரத் தோலைக் கையால் இழுத்துப் போட வேண்டும். இருபது வருஷம் இழுத்ததில் அவருடைய கைகள் வெந்துபோயிருந்தன. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, வெடிப்பில் நீர். தண்ணீரில் கை வைத்தால் இது ஆறவே ஆறாது என்று வேலூரில் தோல் டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனுஷன், இவரை அளவு இயந்திரத்துக்கு மாற்றிவிட்டார். காய்ந்த வேலை, உலர்ந்த தோல். ஒரே வருஷத்தில் கை ஆறியது. ஆறின கையை எனக்கு விரித்துக் காட்டியிருக்கிறார், புதுச் சட்டை வாங்கியவர் காட்டுகிற மாதிரி.

அவருடைய இயந்திரத்துக்குப் பெட்டி பொருத்தியது நான். பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி, அதில் அந்தக் காலத்துக் கம்பைலர் ஒன்று. கம்பைலர் என்றால், நாம் எழுதுகிற நிரலை இயந்திரம் ஓட்டுகிற மாதிரி மாற்றித் தருவது. புதுப் பதிப்பு வெளிவந்தால் அதை இறக்கி, அந்தக் கம்பைலரில் போட்டு மாற்றி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் போக முடியாது. அவரிடம் சொன்னேன். "கமாண்ட எழுதிக் குடு தம்பி. வாயால சொன்னா மறந்துடும்" என்றார். நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். முதல் வரி பழையதை அழிப்பது. இரண்டாவது புதியதை இறக்குவது. மூன்றாவது கம்பைல் செய்வது. நான்காவது ஓட்டுவது. பழையதை அழித்துவிட்டா புதியதை இறக்குவது என்று இந்தத் தொழில் தெரிந்தவர்கள் பல்லைக் கடிப்பார்கள். பெட்டியில் இடம் குறைவு, இரண்டையும் வைத்துப் பார்க்கிற மாதிரி எழுத எனக்குச் சோம்பல். அந்தத் தாளை அவர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி, மேலே டேப் போட்டு, மூலையில் சின்னதாகத் திருநீறும் வைத்திருந்தார்.

ஆங்கிலம் அவருக்கு வராது, எண்கள் வரும். புதுப் பதிப்பு வெளியாகும்போது அவருடைய கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் போகிற மாதிரி செய்திருந்தேன். அவர் எண்ணை மட்டும் பார்ப்பார். மாறியிருந்தால், வேலை முடிந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு வரியையும் அடிப்பார். வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை, ஏதாவது கோளாறு என்றால் சரிபண்ண ஒரு நாள் கையில் இருக்கும் என்று அவரே யோசித்து வைத்த முறை அது. சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இந்த நிதானம் இல்லாத பெரிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பதிப்பு எண்கள் எல்லோருடையதையும் போல ஒரு எண், ஒரு புள்ளி, இன்னொரு எண் என்று வரும். பின்னால் உள்ள எண் மாறினால் சின்ன மாற்றம், பயமில்லை. முன்னால் உள்ள எண் மாறினால் ஜாக்கிரதை, பழையது உடையலாம் என்று அர்த்தம். அண்ணனுக்கு இதை நான் சொல்லவில்லை. அவர் தோல் முத்திரையைப் படிக்கிற மாதிரியே படித்தார். இரண்டு புள்ளி ஒன்று வந்தபோது போன் செய்து, "ரெண்டே கால் போட்டுட்டேன் தம்பி" என்றார். அடுத்தது "ரெண்டரை". அதற்கடுத்தது "ரெண்டே முக்கால்". எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த இரண்டு பேரிடமும் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன், யார் என்று சொல்லாமல், பட்டறை நாட்களில் எப்போதோ பார்த்த ஒரு ஆளைப் போல. பிரேசில்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜெர்மனிக்காரம்மா சிரிக்கவில்லை. "அது நம் முறையைவிடத் தெளிவாக இருக்கிறதே" என்றார். அதற்கும் நான் சிரித்தேன்.

கம்பைலர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். புதியவற்றில் எழுதுகிறவருக்கு நிறைய வசதிகள் உண்டு. ஆனால் அந்த வசதிகளை நாம் பயன்படுத்திவிட்டால் பழைய கம்பைலருக்கு நம் நிரல் புரியாது. எனவே ஒவ்வொரு திட்டமும் எப்போதாவது உட்கார்ந்து, எந்தப் பதிப்பு வரைக்கும் நாம் ஆதரவு தருவது, எதற்குக் கீழே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். எங்கள் நிரலில் பழைய கம்பைலருக்காக மட்டும் நானூறு வரிக்கு மேல் ஒட்டுப்போட்டு வைத்திருந்தோம். பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அதைத் தூக்கிவிட வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகமாகத் துடித்தவன் நான்தான்.

இதை முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில் முதலில் பிரேசில்காரர் பேசினார். அவர்கள் பக்கத்து டேனரிகள் எல்லாம் பெட்டிகளை மாற்றிவிட்டன, அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். பிறகு ஜெர்மனிக்காரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்கள் தோல் ஊர்களுக்கு நடுவில் இருப்பவர். அங்கே பழைய பெட்டிகள் இன்னும் ஓடுகின்றனவா? இருந்தால் நாம் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம். உங்களுக்குத்தான் தெரியும். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள்." அந்தக் கேள்வியில் எந்தக் கேலியும் இல்லை. ஆனால் எனக்குக் காது சிவந்துவிட்டது, பஸ்ஸில் சிவந்த மாதிரியே. பிரேசிலே மாறிவிட்டது, நாங்கள் மட்டும் ஓட்டைப் பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா? வாளியில் சட்டையை முக்கிய அதே கை, அந்த வாக்கியத்தைத் தட்டியது. யாரும் இல்லை. எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் நன்றி சொல்லி, அதை அப்படியே முடிவுப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. இப்படிப்பட்ட முடிவைப் பொதுவில் போட்டு முப்பது நாள் திறந்து வைப்போம். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம். யாரும் எழுதாவிட்டால் முடிவு உறுதி. நல்ல விதிதான். ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிற ஒரு பக்கத்தை மேல்விஷாரத்தில் தோல் அளக்கிறவர் தேடிப் போய்ப் படித்து ஆட்சேபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற விதி. அவருக்காக எழுதக்கூடிய ஒரே ஆள் நான். நான் முப்பது நாளும் அந்தப் பக்கத்தை மாறி மாறித் திறந்து, யாரும் ஆட்சேபிக்கவில்லையே என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முப்பது நாளுக்கு நடுவில் அண்ணனே போன் செய்தார். எடை அளவு ஆய்வாளர் வந்து சோதித்துச் சீல் வைத்துவிட்டுப் போனதைச் சொல்லத்தான் கூப்பிட்டார்.

"ரெண்டே முக்கால் ஜோரா ஓடுது தம்பி. கால் அடிகூட கம்மி ஜாஸ்தி இல்ல. அடுத்தது மூணு தானே?"

"ஆமாண்ணே. மூணுதான்."

அவர் கணக்கில் அது முக்காலுக்கு மேல் இன்னும் ஒரு கால், அவ்வளவுதான்; எங்கள் கணக்கில் பழையது உடையலாம் என்ற எச்சரிக்கை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது. மூன்று வந்தால் தொடாதீர்கள் அண்ணே, உங்கள் பெட்டிக்கு இரண்டே முக்காலே போதும். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் அவர் பாட்டுக்குப் பழையதிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார், ஒரு குறையும் வந்திருக்காது. மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால், உங்களைப் போல ஒருவர் இல்லவே இல்லை என்று நான் எழுதியிருக்கிறேன் என்பது என் காதில் விழும். அதனால் வாயை மூடிக்கொண்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டேன்.

ஒரு புதன்கிழமை மூன்றாம் பதிப்பை வெளியிட்டோம். எங்கெங்கிருந்தோ வாழ்த்துகள் வந்தன. மறுநாள் சாயங்காலம் குடியாத்தத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டிருந்தார்கள். கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன். வியாழக்கிழமை, ஆறு மணி. பார்த்த உடனே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முதல் வரியை அடித்திருப்பார், பழையது அழிந்திருக்கும். இரண்டாவது வரியில் புதியது இறங்கியிருக்கும். மூன்றாவதில் பழைய கம்பைலர் விழி பிதுங்கித் திரை முழுக்க ஆங்கிலத்தில் கத்தியிருக்கும். நான்காவது வரிக்கு ஓட்ட ஒன்றும் இருந்திருக்காது. நான் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் கவிழ்த்துப் போட்டேன். திரும்பவும் அதிர்ந்தது. திரும்பவும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "எடுத்துப் பேசேன், அவசரமா இருக்கப் போவுது" என்றார். ஆபீஸ் கால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இலையில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். அதுவும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவரை மீட்கத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி. இரண்டு புள்ளி மூன்று இணையத்தில் அப்படியேதான் இருந்தது, அந்த எண்ணைச் சொல்லி இறக்கினால் போதும். போனை எடுத்து எழுத்து எழுத்தாகச் சொல்லியிருந்தால் அவரே அடித்திருப்பார், பந்தியில் பாயசம் வருவதற்குள் இயந்திரம் ஓடியிருக்கும். வெள்ளிக்கிழமை முழுக்கவும் அவர் கூப்பிட்டார். அவர் யோசித்து ஒதுக்கி வைத்திருந்த அந்த ஒரு நாளை நான்தான் தின்று தீர்த்தேன். எடுத்தால் "இன்னா தம்பி ஆச்சு?" என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் டேனரி மேஸ்திரியே கூப்பிட்டார். அவருடைய எண் என்னிடம் இல்லாததால் எடுத்துவிட்டேன். காலையில் ஏற்றுமதி லாட் அளக்க வேண்டியிருந்தது, துறைமுகத்துக்கு லாரி வந்து நின்றிருந்தது, இயந்திரம் ஓடவில்லை. ஈரம் படாமல் தார்ப்பாய் போட்டு, குட்டி யானை வண்டியில் நாலு நடையாகத் தோலை வாலாஜாபேட்டைக்கு எடுத்துப்போய் வேறொருவர் இயந்திரத்தில் அளந்துவந்தார்களாம். லாரி காத்திருந்து, முதலாளி கத்தி, ஒரே ரகளை. நாளைக்கே வந்து பாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பெட்டியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் என் கையெழுத்தில் நான்கு வரி, மூலையில் திருநீறு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு புள்ளி மூன்றை இறக்கி, கம்பைல் செய்து, ஓட்டிக் காட்டினேன். மேஸ்திரி ஒரு தோலை விட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. அப்போதுதான் அண்ணன் எங்கே என்று கேட்டேன். மேஸ்திரி டிரம் பக்கம் கை காட்டினார். அண்ணன் முழங்கால் வரை நனைந்துபோய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அளவு வேலையிலிருந்து நேற்றே எடுத்துவிட்டார்கள் என்றார் மேஸ்திரி. யார் பெட்டியைத் தொட்டது என்று முதலாளி கேட்டதும், இவரே முன்னால் வந்து, "நான்தான் தப்பா எதையோ அடிச்சிட்டேன்" என்று ஒத்துக்கொண்டாராம்.

அளவுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாங்குகிற கம்பெனியில் திரும்ப அளந்து வித்தியாசம் வந்தால், இயந்திரத்தின் மேல் பழி போட மாட்டார்கள். முத்திரை யார் கையில் இருக்கிறதோ, ஜவாப்பும் அவருடையதுதான். அண்ணனே ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கிறார், இயந்திரத்தைக் குறை சொல்கிறவன் அளக்கவே லாயக்கில்லை என்று. அந்தப் பழக்கப்படிதான் அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். எனக்காக என்று நினைக்கக்கூட எனக்கு வழியில்லை.

மேஸ்திரி என்னைப் பார்த்துக் கேட்டார். "தப்பு இவர் மேலயா, உங்க புரோக்ராம் மேலயா? முதலாளிக்கு நான் ஜவாப் சொல்லணும்."

அண்ணன் என் எதிரில்தான் நின்றார். ஈரக் கைகளை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புரோக்ராம்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றேன்.

அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. புரோக்ராமில் கோளாறு இல்லைதான். அண்ணன் தலையை ஆட்டினார், நான் சொன்னதைச் சரி என்று ஆமோதிக்கிற மாதிரி. மேஸ்திரிக்குத் திருப்தி. பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை முதலாளியின் மைத்துனர் மகனிடம் கொடுத்தார்கள். இனி அளவு இயந்திரத்தில் அந்தப் பையன்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். டீ குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக அந்த நானூறு வரியையும் திரும்பச் சேர்த்தேன். மூன்று புள்ளி ஒன்று என்று வெளியிட்டேன். காரணம் எழுதுகிற இடத்தில், ஒரு பயனர் புகார் செய்ததால் பழைய கம்பைலருக்கு மறுபடியும் ஆதரவு தருகிறோம் என்று எழுதினேன். அதிலும் நான் இல்லை பாருங்கள். ஜெர்மனிக்காரம்மாவுக்குச் சந்தோஷம். அப்படியானால் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார், அவரை நம்மோடு சேர்த்துக்கொள்வோம், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் அவரிடம் கேட்போம் என்றார். ஆங்கிலம் தெரியாதே என்றேன். எந்த மொழியில் எழுதினாலும் சரி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அவர் வந்து எழுத ஆரம்பித்தால் முதலில் எதை எழுதுவார் என்று எனக்குப் பயம்.

அடுத்த வருஷமே அந்த டேனரியில் புது இயந்திரம் வாங்கிவிட்டார்கள். பழைய பெட்டி இரும்புக்கடைக்குப் போனது. இப்போது அந்தக் கம்பைலரில் எங்கள் நிரலை ஓட்டுகிறவர் இந்த மாவட்டத்தில் நிஜமாகவே யாரும் இல்லை. வருஷா வருஷம் கூட்டத்தில் பேச்சு எழும். அந்த நானூறு வரி இன்னும் வேண்டுமா, உங்கள் ஆள் இன்னும் ஓட்டுகிறாரா என்று கேட்பார்கள். ஓட்டுகிறார் என்று சொல்கிறேன். இருந்த ஆளை இல்லை என்று சொன்ன வாய், இல்லாத ஆளை இருக்கிறார் என்று சொல்கிறது. அந்த வரிகளை நீக்க எனக்குக் கை வரவில்லை. அவற்றால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது என்பதும் தெரியும்.

போன பொங்கலுக்கு முன்பு ஆற்காடு பஸ் நிலையத்தில் அண்ணனைப் பார்த்தேன். நான்தான் முதலில் பார்த்தேன். பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரும் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஆள் இளைத்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை, இரண்டு கையையும் அதன் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். பையனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். டிரம்மிலேதான் இருக்கிறேன் என்று நான் கேட்காமலேயே சொன்னார். "நம்ம மிஷின் புரோக்ராம் இப்போ எதுல ஓடுது? நாலு வந்துடுச்சா?" என்று கேட்டார். மூன்றரையில் இருக்கிறது என்றேன். அவருடைய கணக்கிலேயே சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்.

சொல்லிவிட வேண்டும் என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன். நடந்தது எல்லாவற்றையும், ஜெர்மனிக்காரம்மா கேட்ட கேள்வியிலிருந்து பந்தியில் கவிழ்த்துப் போட்ட போன் வரைக்கும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ரொம்ப நாளா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் தம்பி. அன்னிக்கு அந்த மொத வரிய நான் அடிச்சிருக்கக் கூடாது. உனக்கும் பேஜாரு குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமைகூட வரவெச்சிட்டேன். மனசுல வச்சுக்காத."

அந்த முதல் வரி நான் எழுதிக் கொடுத்தது. பெட்டிக் கதவில் என் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. அவர் அதற்குத் திருநீறு வைத்திருந்தார்.

"பரவால்லண்ணே" என்றேன். "யாருக்கும் நடக்கறதுதான். விடுங்க."

அவர் முகம் தெளிந்தது. எத்தனை நாள் பாரமோ, ஒரு பெருமூச்சு விட்டார். மேல்விஷாரம் பஸ் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கையை ஆட்டினார், அப்போதுதான் விரல்கள் தெரிந்தன. இடுக்கெல்லாம் வெடித்து, முன்பைவிட மோசமாக இருந்தது. நானும் கையை ஆட்டினேன். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டு அவர் போனார்.